நாற்பது கதவில் ஒரு ஆடு

இணையத்தில் எங்கள் கடைக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அரை எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றுவரை புரியவில்லை. யாரோ இரக்கப்பட்டுப் போட்டிருக்க வேண்டும். நட்சத்திரத்துக்குக் கீழே என் வீட்டுக்காரரின் படம் இருக்கிறது. அதற்கும் கீழே ‘ஏழு தலைமுறைகளாகக் காக்கப்பட்டு வரும் ரகசிய ஓசை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ரகசிய ஓசையை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நான் உண்டாக்கினேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தைத் தேய்த்தவளும் நான்தான், ஏழு தலைமுறையில் ஒருவர்கூட உதவிக்கு வரவில்லை.

நாங்கள் ஆடு மாடுகளுக்கு மணி செய்கிறவர்கள். பழைய பீப்பாய்த் தகட்டை வெட்டிச் சுருட்டி, மேலே மூடி போட்டு, வளையம் மாட்டுவது அவர் வேலை. அதன்மேல் ஈரக் களிமண் தடவி, பித்தளைத் தூள் தூவி, மறுபடி மண்ணால் பொதிந்து உலையில் வைத்து எடுப்பதும் அவர்தான். வெந்த மண்ணை உடைத்தால் மணி வெளியே வரும். ஆனால் அப்போது அதைத் தட்டினால் காலி டப்பாவைத் தட்டியதுபோலத்தான் இருக்கும். அதற்கு மரத்தில் நாக்கு கட்டி, விளிம்பைக் கல்லில் வைத்து, சின்னச் சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, அங்கே இரண்டு தட்டு என்று தட்டிப் பேச வைப்பது என் வேலை. சத்தம் வைப்பது என்று சொல்வோம். அவர் மூன்று நாள் புகையில் கிடந்து செய்ததை நான் நினைத்தால் மூன்று தட்டில் கெடுத்துவிட முடியும். இதை மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஞாபகப்படுத்துவேன்.

இந்தத் தொழிலில் சட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு வீட்டுக்குக் கொடுத்த சத்தத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. மலையில் பத்து வீட்டு ஆடுகளும் கலந்துதான் மேயும். யார் ஆடு எந்தப் புதருக்குப் பின்னால் நிற்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இரண்டு வீட்டுச் சத்தம் ஒன்றாகிவிட்டால் ஆடு மாறிப் போகும், ஆடு மாறினால் வாய்ச்சண்டை, வாய்ச்சண்டை முற்றினால் கைகலப்பு, கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது என் வாசலில். அறுபத்தொரு வீட்டுச் சத்தம் என் காதில் இருக்கிறது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் திட்டம் மேடம் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. மூச்சுக்கு முந்நூறு தரம் ‘நம்ம திட்டத்துல’ என்று சொல்வதால் நாங்கள் வைத்த பெயர் அது. நலிந்த கைவினைஞர்களின் பொருட்களை உலகம் முழுக்க இணையத்தில் விற்றுக் கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்திருந்தார். நாங்கள் நலிந்திருக்கிறோம் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த நாலு மாதத்துக்கு வேலை கையில் இருக்கிறது என்று சொன்னேன். மேடம் சிரித்தார், ஆனால் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு நாள் பயிற்சி. நாலு திசையிலிருந்தும் தொழில்காரர்களைக் கூட்டி வந்து ஒரு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். “பொருளை விக்காதீங்க, பொருளோட கதையை வில்லுங்க. இந்தக் காலத்துல ஜனங்க வாங்கறது கதையைத்தான்” என்றார் மேடம். என் பக்கத்தில் இருந்த செருப்புத் தைக்கிறவர் எழுந்து, “கதையை வாங்கிக்கிட்டு வெறுங்காலோடவா நடந்து போவாங்க?” என்று கேட்டார். அவரை அடுத்த பயிற்சிக்குக் கூப்பிடவில்லை.

பிறகு படம் எடுக்க வந்தார்கள். பட்டறையில் வெள்ளைத் துணி விரித்து, குடை மாதிரி இரண்டு விளக்கு நட்டார்கள். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். மேடத்தின் முகம் வாடிப்போனது.

“ஐயா, இந்தச் சட்டை வேணாம். தினம் எதைப் போடுவீங்களோ அதைப் போடுங்க.”

தினம் போடுவதைப் போட்டு வந்தார். அதுவும் போதவில்லை. கன்னத்தில் கொஞ்சம் கரி பூசச் சொன்னார்கள், நெற்றியில் இன்னும் கொஞ்சம். கண்ணில் ஒரு சோகம் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்குச் சோகம் வராது, தூக்கம்தான் வரும். கடைசியில், எரிகிற வீட்டிலிருந்து அப்போதுதான் இழுத்துப் போட்ட ஆள் மாதிரி ஒரு படம் அமைந்தது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

“அக்கா, நீங்க அவருக்குப் பின்னாடி நில்லுங்க. கொஞ்சம் மங்கலா வருவீங்க. அது ஒரு அழகு” என்றார் மேடம்.

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு புகை தெரியும். அது நான்.

அன்றைக்குப் பார்த்து என் நாத்தனார் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூத்தவள் என்பது ஆடு. அதன் மணியில் மர நாக்கு தேய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டும். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மலையடிவாரத்தில் ஒன்பது ஆடுகளோடு தனியாக இருக்கிறார். அவருக்குக் கொஞ்ச வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். நகரத்தில் இருக்கும் மகன், ஆடுகளை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறான். எட்டாவது மாடியில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டான். “கண்ணு தெரியாதவளுக்கு ஜன்னல் எதுக்குடா?” என்று நாத்தனார் கேட்டார். ஆனாலும் அவன் நாற்காலியை எடுக்கவில்லை.

பார்வை மங்க ஆரம்பித்ததால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் மூத்தவளுக்கு அந்தச் சத்தத்தை வைத்தேன். மந்தைக்கு முன்னால் போகிறவள் அவள். அவள் சத்தம் போகிற வழியில் நாத்தனார் போவார், நாத்தனார் குரல் கொடுத்தால் கழுத்தில் குட்டி மணியோடு மற்ற எட்டும் பின்னால் வரும். மலையில் இருக்கும் மற்ற எந்த மணியோடும் கலக்காமல், எவ்வளவு காற்று அடித்தாலும் அமுங்காமல், தனியாகக் கேட்கிற சத்தம் அது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னால் வைத்ததில்லை. அந்தச் சத்தம் காதில் விழுகிறவரை ஆடு மேய்ப்பேன், விழாத நாளில் மகன் வீட்டு நாற்காலிக்குப் போய்விடுகிறேன் என்று நாத்தனார் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆட்டைப் பார்த்ததும் திட்டம் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. “சூப்பர்! விலங்கு இருந்தா ஜனங்க நின்னு பார்ப்பாங்க” என்றார். மூத்தவளை வெள்ளைத் துணிமேல் நடக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். எட்டு விநாடி கம்பீரமாக நடந்தாள், மணி அடித்தது, ஒன்பதாவது விநாடியில் துணிமேலேயே தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒன்பதாவது விநாடியை வெட்டிவிட்டார்கள்.

விற்பனை தொடங்கியது. இல்லையென்று சொல்ல மாட்டேன், மணிகள் போயின. ஒருவர் காரில் தொங்கவிட்டார். ஒருவர் உள்ளே பல்பு மாட்டினார். ஒரு அம்மாள், ஆட்டு வாடை வராத மணியாக அனுப்பச் சொல்லி எழுதினார், ஆடே பார்க்காத புது மணியைப் பற்றி. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே புகார் வர ஆரம்பித்தது. வீடியோவில் கேட்ட சத்தம் இதில் வரவில்லை.

மேடம் கவலையோடு வந்தார். “அக்கா, எல்லா மணியும் ஒரே மாதிரி சத்தம் போடணும்.”

“எல்லா மணியும் ஒரே மாதிரி சத்தம் போட்டா மணி எதுக்கு?”

“வாங்கறவங்க எதிர்பார்க்கறாங்க அக்கா. வீடியோவுல வர்ற சத்தம்தான் வேணுமாம்.”

“அது எங்க அண்ணி வீட்டுச் சத்தம். அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது.”

“காப்புரிமை மாதிரியா?” என்று கேட்டு ஆர்வமாக எழுதிக்கொண்டார். பக்கத்து மலை ஆட்டுக்காரனுக்குக்கூட ஒரே வாக்கியத்தில் விளங்குகிற விஷயத்தை, இரண்டு பட்டம் வாங்கியவருக்கு விளக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அப்புறமும் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். முகமெல்லாம் பல். ஒரே ஆளிடமிருந்து நாற்பது மணிக்கு ஆர்டர், நாற்பதும் அந்த வீடியோச் சத்தம். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். முகவரி நகரத்துக் கிடங்குதான், அங்கிருந்து எங்கே போகிறது என்று நமக்குக் காட்டாது என்றார். “இவ்வளவு பெரிய ஆர்டர்னா கண்டிப்பா கடல் தாண்டித்தான் அக்கா.”

முடியாது என்றேன். மேடம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். மேடத்துக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, மெதுவாகச் சொன்னார்.

“நாப்பதும் ஒரே சத்தமா வைக்க ஐயாவால முடியாதுல்ல? உங்களாலதான் முடியும். உங்க படத்தைத் தெளிவா போடலாம் அக்கா. நீங்க முன்னாடி. ஐயா பின்னாடி, மங்கலா.”

பூசி மெழுக விரும்பவில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். இருபது வருஷம் சத்தம் வைத்தவள் ஒரு புகையாக நிற்பது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஆடு இருக்கிறது, எந்த அண்ணி இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டம் என்பது இந்த மலைக்குத்தானே, உலகத்துக்கு இல்லையே என்று ஒரு நியாயமும் கிடைத்தது. தப்பு செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்.

பதினெட்டு நாள் ஆனது. நாற்பதையும் பட்டறைக்குள் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தட்டிக்கொண்டே போனேன். ஒரே ஆடு நாற்பது தரம் நடந்து போனது. மயிரிழை வித்தியாசம் இல்லை. உண்மையைச் சொன்னால், என் கையை நானே முத்தமிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “நாப்பதும் மூத்தவ. அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“கடலுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற மணி உங்க அக்காவுக்கு எப்படிங்க கேக்கும்?”

அவர் உலைப்பக்கம் திரும்பி நடந்தார். அவர் இப்படி நடந்து போனால் நான் தப்பு செய்கிறேன் என்று அர்த்தம். தெரிந்தும் வைக்கோல் வைத்துப் பொதி கட்டி அனுப்பினேன். என் படத்தை எப்போது மாற்றுவீர்கள் என்று மேடத்திடம் கேட்டதற்கு, படம் மாற்றுகிற பிரிவுக்கு எழுதியிருக்கிறேன் என்றார். அந்தப் பிரிவு இன்றைக்கும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலையில் நாத்தனார் வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. பட்டறைக் கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, என் காதும் போச்சு” என்றார்.

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“அஞ்சு நாளாச்சு. மூத்தவ மேலேருந்து கூப்பிடறா, அதே நேரத்துல கீழேருந்தும் கூப்பிடறா. காத்து அடிச்சா எல்லாப் பக்கமும் அவதான். நேத்து சத்தம் வந்த வழியிலேயே போனேன், முள்வேலியில போய் விழுந்தேன். யாரோ ஓடி வந்தாங்க. தூக்கி விடுவாங்கன்னு பார்த்தா, ‘அப்படியே இருங்க’ன்னு சொல்லி போட்டோ எடுத்தாங்க. ரெண்டு ஆடு முந்தாநாள்லேருந்து காணோம்.” அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். “மகனுக்குப் போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை ஆட்டு வியாபாரி வர்றான். ஒம்போதையும், இல்ல, ஏழையும் ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்.”

காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், அழுக்கு இல்லை. அலமாரியில் பழுதுக்கு வந்ததும் புதிதாகச் செய்ததுமாகக் கிடந்த மணிகளில் மூன்றை எடுத்துத் தட்டிக் காட்டினேன். “இது ஓடைக்கரை வீட்டுது. இது தச்சன் வீட்டுப் பசு. இது யாரோடதும் இல்ல, இன்னும் நீ சரியா சத்தம் வைக்கல” என்றார். மூன்றும் சரி. மூன்றாவதில் விளிம்பு கோணலாக இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இந்தக் காதுக்கு என்ன கேடு?

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன். மேட்டுக்குப் போனதும் காற்று அடித்தது. மூத்தவள் எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள், தலையைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அவளுடைய மணி கேட்டது. கீழேயிருந்து, வலது பக்கமிருந்து, அதற்கும் அப்பாலிருந்து. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று. மயிரிழை வித்தியாசம் இல்லை.

எதிர்ச் சரிவில், போன வருஷம் வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில், வரிசையாகக் குடிசைகள் நின்றன. நகரத்துக்காரர்கள் வந்து தங்கி அமைதியை அனுபவிப்பதற்காகக் கட்டிய குடிசைகள், உள்ளே குளிர்சாதன வசதியோடு. ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு மணி. கடல் தாண்டிய எங்கள் மணிகள், லாரியில் நகரத்துக்குப் போய், கிடங்கில் சீட்டு ஒட்டிக்கொண்டு, மறுபடி லாரியில் ஏறி, எங்கள் பட்டறைக்கு முக்கால் மணி நேர நடையில் வந்து தொங்கிக்கொண்டிருந்தன. உலகச் சந்தை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

“அண்ணி, உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. அது என் வேலை” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். படத்துக்கு ஆசைப்பட்டதையும் சேர்த்துத்தான்.

நாத்தனார் முகத்தைத் திருப்பவில்லை. “என் மூத்தவளையா வித்தே?”

“ஆட்டை இல்ல அண்ணி, சத்தத்தைத்தான்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

அவர் கத்தித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இப்படி மெதுவாகக் கேட்டது எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது, அழவும் செய்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே குடிசைகளுக்கு இறங்கினேன்.

வாசலில் காவலாளி நிறுத்தினான். மேலாளர் வந்தார், வெள்ளைச் சட்டை, காதில் கருவி. மணிகளின் சத்தத்தை மாற்ற வேண்டும், ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அதெல்லாம் கலைப்பொருள்மா. ஏழு தலைமுறையா செய்யற ஒரு மாஸ்டர்கிட்டேருந்து வரவழைச்சது. இங்க இருக்கிறவங்க யாரும் தொடக் கூடாது.”

“அதைச் செஞ்சது நான்தான்.”

போனில் எங்கள் கடையைத் திறந்தார். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதுல இருக்கிறது ஒரு ஐயா.”

“அவரோட காதுக்குப் பக்கத்துல பாருங்க.”

பெரிதாக்கிப் பார்த்தார். “புகை” என்றார்.

வேறு வழியில்லாமல் திட்டம் மேடத்துக்குப் போன் போட்டேன். நாத்தனார் விழுந்தது, ஆடு காணாமல் போனது, வெள்ளிக்கிழமை வியாபாரி வருவது எல்லாம் சொன்னேன். மேடம் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை மறைக்க மாட்டேன். இரண்டு நிமிஷம் யோசித்தார். போனை மேலாளரிடம் கொடுக்கச் சொன்னார். அவர் என்ன பேசினாரோ, மேலாளரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நாளைக் காலை பதினோரு மணிக்கு ‘கைவினைஞர் அனுபவம்’. விருந்தினர்களுக்கு முன்னால் நேரடிச் செயல்விளக்கம். படத்தில் இருக்கும் மாஸ்டர் கட்டாயம் வர வேண்டும். கூட வரும் பெண்மணி உதவி செய்யலாம்.

மறுநாள் என் வீட்டுக்காரர், யாரும் சொல்லாமல், உலையிலிருந்து கரியை எடுத்துத் தானே கன்னத்தில் பூசிக்கொண்டார். “நெத்தியிலயும் கொஞ்சம் வேணுமா?” என்று என்னைக் கேட்டார். அந்த மனுஷனை இருபது வருஷத்தில் அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

முற்றத்தில் நாற்காலி போட்டு விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் ஒலிபெருக்கியோடு நின்றார். நாத்தனாரை இருபதடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்க வைத்தேன். ஏணியில் ஏறி முதல் மணியைக் கழற்றி, கல்லில் வைத்து விளிம்பில் ஒரு தட்டு தட்டி, ஆட்டிக் காட்டினேன்.

“இன்னும் அவதான்” என்றார் நாத்தனார்.

இன்னொரு தட்டு.

“கொஞ்சம் அவ.”

இன்னும் இரண்டு.

“இது யாரோ. அடுத்ததுக்குப் போ.”

விருந்தினர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாட்டி என்ன ஓதுகிறார் என்று கேட்டார். தொன்மையான வாழ்த்து என்றார் மேடம். “கொஞ்சம் அவ” என்பதை இரண்டு மூன்று பேர் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க நேரமில்லை. நான் பதினெட்டு நாள் உட்கார்ந்து செய்ததை என் கையாலேயே ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அதைவிட நல்ல சத்தம் நான் வைத்ததில்லை, இனி வைப்பேனா என்றும் தெரியாது. ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில்தான் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறை “இது யாரோ” என்று நாத்தனார் சொல்லும்போதும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஏணிக்குப் போனேன்.

முப்பதாவது மணி வாக்கில் மேலாளருக்குச் சந்தேகம் தட்டியது. “என்னங்க இது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி அடிக்குதே? நாங்க கேட்டது ஒரே சத்தம்.”

மேடம் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். கரி பூசிய முகம், வெயிலில் நின்று நின்று தூக்கம் சொக்கிய கண். மேலாளரை நிதானமாகப் பார்த்தார்.

“ஏழு தலைமுறையா இப்படித்தான்” என்றார்.

மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒற்றை நட்சத்திரத்தை அவர் போட்டது மறுவாரம்தான், மயக்கம் தெளிந்த பிறகு. ‘நாற்பது மணி, நாற்பது சத்தம், கேவலம்’ என்று எழுதியிருந்தார். எங்கள் தொழிலை அதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை. மேடத்தின் ஏழு தலைமுறையை எடுத்துவிட்டு அதைப் போடலாம்.

நாற்பதாவது மணியை மாட்டிவிட்டு இறங்கும்போது காற்று அடித்தது. நாற்பதும் சேர்ந்து அடித்தன, சந்தைக்கூட்டம் மாதிரி, ஆளாளுக்கு ஒரு குரல். விருந்தினர்கள் கைதட்டினார்கள். நாத்தனார் தலையைச் சாய்த்து, கடைசி மணி ஓய்கிறவரை கேட்டார். ஒன்று தப்பியிருந்தால்கூடப் போச்சு.

“எதுவும் என்னுது இல்ல” என்றார். “வா, போகலாம்.”

வேலியைத் தாண்டி மேட்டுக்கு வந்தோம். நாத்தனார் என் கையை விட்டுவிட்டு நின்றார். முகத்தை மலைப்பக்கம் திருப்பினார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்றுதான் கேட்டது.

“அதோ, மேல நிக்கிறா” என்றார். “பாறைக்கு இடது பக்கம். எல்லாரும் கூடத்தான் இருக்காங்க.” விரலை மடக்கி எண்ணினார். ஏழில் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு எட்டாவது விரல் மடங்கியது. ஒன்பதாவதும். “திரும்பி வந்துட்டாங்க ரெண்டு பேரும். நாளைக்கு வர்ற வியாபாரிக்குப் போன் பண்ணி, வீண் அலைச்சல் வேணாம்னு சொல்லிடு.”

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை வைத்தவள் நான். கையைக் காதுக்குப் பின்னால் குவித்துப் பார்த்தேன், கண்ணை மூடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நாத்தனார் அதற்குள் பத்தடி முன்னால் போய்விட்டார், கல்லையும் முள்ளையும் காலாலேயே விலக்கிக்கொண்டு, யார் கையும் பிடிக்காமல்.

“எனக்குக் கேக்கலையே அண்ணி” என்றேன்.

அவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

“வயசாகுதில்ல. மகன் வீட்டு நாற்காலி காலியாத்தான் இருக்காம், உனக்கு வேணுமான்னு கேட்டுச் சொல்லவா?”